வியாழக்கிழமை ஊசி

காசாலே ஊரில் யாராவது இருமினால்
பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.
சளிதான் என்று சொன்ன பிறகே
காப்பிக் கோப்பைகள் மறுபடி உதட்டுக்குப் போகும்.

தெல்ஃபீனா பார்ஜேரோ சளி என்று சொல்லவில்லை.
"வந்துவிட்டது" என்றாள்,
நேரம் தவறிய ரயிலைச் சொல்வதுபோல.
அறுபத்து மூன்று ஆண்டுத் தாமதம்.
எட்டு வயதில், பாதிரியார் வீட்டுக்குப் பின்னால்,
குண்டு உருட்டி ஆடும் களம்;
கல்நார் ஆலை சும்மா கொடுத்த வெள்ளைப் பொடியைக்
கொட்டி மெழுகிய தரை.
விழுந்தால் முழங்கால் சிராய்க்காது.
அவ்வளவு மெத்து.

நான் ஆய்வுப் பிரிவின் செவிலி.
கீமோ எல்லோருக்கும் உண்டு;
அதற்குமேல் வாரம் ஓர் ஊசி,
பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு உப்புநீர்.
எந்தப் புட்டியில் எது என்று
எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது,
டூரினில் ஒரு கணினிக்குத் தெரியும்.

இருபத்து நான்கு பக்கப் படிவத்தைக்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.
இந்தப் புற்றுக்கு ஒரு சத்தைத்
தானே சமைத்துக்கொள்ளத் தெரியாது,
இரத்தத்தில் ஓடுவதை எடுத்துத்தான் தின்கிறது,
மருந்து அதைத் துடைத்து எடுத்துவிடும்
என்று டாக்டர் கில்யோனே விளக்கியபோது
குறுக்கே கேட்டாள்:
"வீட்டில் அடுப்பில்லாதவன்,
சாப்பாட்டுக்கடையையும் மூடிவிட்டால்?"
"பட்டினி கிடப்பான்."
"இல்லையென்றால் அடுப்பு வாங்குவான்."
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
அதுவும் நடப்பதுண்டு.

ஒன்பதாவது வாரம் ஸ்கேன்.
நுரையீரலைச் சுற்றி
ஆரஞ்சுத் தோலாய்த் தடித்த அதே உறை.
கூடவில்லை, குறையவும் இல்லை.
"நிலையாக இருக்கிறது" என்றார் டாக்டர்.
விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"நீ மாறவே மாட்டாய் என்று
நாற்பது வருஷம் திட்டினான் என் புருஷன்.
அதற்குக் கைகுலுக்கும் முதல் ஆள் நீங்கள்தான்."

அன்று மாலை, அடுத்த வாரப் புட்டியை
விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன்.
செய்யக்கூடாத காரியம்.
நிறமில்லை, வண்டலில்லை, ஒன்றுமே தெரியவில்லை.
ஆலையில் மூட்டை கட்டிய என் அப்பாவுக்கு
உப்புநீர்ப் புட்டிகூட யாரும் நீட்டவில்லை.

வரும் வியாழன் எட்டரைக்கு வரலாமா என்று
போனில் கேட்டாள்.
நெல்வயல் மூடுபனி ஏறினால்
பேருந்து ஊர்ந்துதான் வருமாம்.
எட்டரை என்று எழுதினேன்.
இரு, அதற்கு முந்திய வண்டி ஒன்று உண்டு,
எட்டேகால் என்று திருத்து, என்றாள்.