டிரை ஸ்கின்

பேரணாம்பட்டு குடோனில்
ஆட்டுக்கு மட்டும்தான் ஸ்கின்.
மாடு வந்தால் ஹைட்.
சேர்ந்த முதல் வாரமே அன்சர் பாய் அதட்டினார்:
'கலந்து எழுதாதம்மா, பில்லு மாறிடும்.'
ஒன்பது வருஷம், கலக்கவில்லை.

உண்ணி கடித்த பொட்டு,
முள்கம்பி கிழித்த கோடு,
உரித்தவன் அவசரத்தில் கத்தி இறங்கிய பிறை.
வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால்
ஆடு எந்த வேலியில் நுழைந்தது என்றே சொல்லிவிடுவேன்.
சொன்னால் கிரேடு இறங்கும்,
சதுர அடிக்கு நாலு ரூபாய்.

விரலிடுக்கில் அரிப்பு.
ஆறேகால் பஸ், வேலூர், ஆஸ்பத்திரி வரிசை.
'ஸ்கின்னா?' என்றாள் சீட்டு கொடுப்பவள்.
எத்தனை உருப்படி என்று
ஒரு கணம் மனசுக்குள் எண்ணப் போனேன்.

ரெண்டாவது மாடியில் எல்லாரும் ஸ்கின்.
லத்தேரிக்காரர் ஒருவர்
கேட்காமலே கழுத்தைத் திருப்பிக் காட்டினார்.
பக்கத்துப் பையன்
போனுக்கு ஒட்டிய ஸ்கின்னை
நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தான்.
'தனபாக்கியம், ஸ்கின்!'
இனிஷியல் மாதிரி கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா என் கையை
விளக்கடியில் வைத்துத் திருப்பினார்.
கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஓரத்தில் ஓர் இழு.
அப்படியே நான் செய்வது.
வாய் தவறி வந்துவிட்டது:
'தேர்டு கிரேடுங்க மேடம்.'
அவர் சிரிக்கவில்லை.
கையுறை போடச் சொன்னார்.
எந்தத் தோலில் என்று கேட்கவில்லை நான்.

சீட்டில் இருந்தது: டிரை ஸ்கின்.
எங்கள் ரிஜிஸ்டரிலும் அதேதான்,
உப்புப் போட்டு உலர்த்தி அடுக்கியதற்கு.
அதற்கு நேரே ஒரு கட்டம் இருக்கும்,
எத்தனை பீஸ் என்று.

குடியாத்தம் தாண்டும்போது
பேனாவை எடுத்து
ஒன்று போட்டேன்.