ஆடி மாத மண்டபம்

ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது.
முன்பெல்லாம் இந்த ஒரு மாதம்
சமையல்கட்டில் பூனை குட்டி போடும்.
இப்போது ராயக்கோட்டை ரோட்டில்
எங்கள் மண்டபத்துக்கே இது நாலாவது மாநாடு.
சமூக ஊடகச் சங்கமம் போன வாரம்.
உச்சி மாநாடு முந்தாநாள்.
இன்றைக்கு வந்தவர்கள் பெயர்
பேனரிலேயே அடங்கவில்லை.

மணமகள் அறையில் பேச்சாளர் பவுடர் போடுகிறார்.
'நல்வரவு' வளைவைக் கழற்றவில்லை,
மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஹேஷ்டேக்.
"தொடர்பிலேயே இருங்கள்" என்கிறது என் மைக்செட்.
தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் எடுக்காது.
பாதிப் பேச்சில் எழுந்துபோய்
பார்க்கிங்கில் கோட்டை மலையைப் பார்த்து
போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்
தீபாராதனை நேரம் மாதிரி.

வாசலில் க்யூஆர் கோடும் படுத்துவிட்டது.
மேனேஜர் திம்மராயன் யோசிக்கவேயில்லை,
வைகாசியில் மிஞ்சிய மொய் நோட்டை விரித்தார்.
ஊர், பெயர், தொகை.
தொகைக்கு நேரே என்ன எழுத என்று
யாரும் கேட்கவில்லை.
காவேரிப்பட்டணம் மாங்கூழ் கம்பெனி, பன்னிரண்டாயிரம்.
ஊத்தங்கரை ஜிம் முனிரத்தினம், எட்டு லட்சம்
(அடித்து ஒன்பதாக்கியிருக்கிறார்).
பர்கூர் நாகவேணி, ஜாக்கெட் தையல்,
நாற்பத்தொன்று.

நாற்காலி அடுக்கிவிட்டு ராத்திரி
கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
கோடியைத் தொட்டது.
எல்லாம் பூஜ்யத்தில் முடிகிற தொகை.
ஒன்று வைத்து எழுதிய ஒரே மொய்
பர்கூர்க்காரியுடையது.

பக்கத்தைத் தேடி எடுத்துவிட்டேன்.
அமுக்கத்தான் கை வரவில்லை.
நானும் சேர்ந்தால்
நாற்பத்திரண்டாகிவிடும்.