கைப்பையில் ஒரு வெங்காயம்

நாற்பத்திரண்டு வயதுவரை
என் நிறத்தை மற்றவர்கள்தான் சொன்னார்கள்.
"உமக்கு மஞ்சள் எடுபடாது."
"கடும் சிவப்பு வேண்டாம், முகம் இருண்டு கிடக்கும்."
"இளம் நிறமாய்ப் பார்த்து எடும்."
இளம் நிறமாய்ப் பார்த்து எடுத்தேன்.
அலுமாரியைத் திறந்தால்
பால்தேத்தண்ணியின் பல பதங்கள்:
சாயம் கூடினது, பால் கூடினது, ஆறிப்போனது.

மின்சார சபையின் நிலுவைக் கவுண்டரில்
பின்சுவரும் அதே நிறம்.
ஒருநாள் ஒருவர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து
"இங்க ஒருத்தரும் இல்லையோ?" என்றார்.
அவருக்கு முன்னால்தான் இருந்தேன்.

சனிக்கிழமை, திருநெல்வேலிச் சந்தை.
குவியலுக்குள் கைவிட்டுப் பொறுக்கினேன்,
காய்ந்த சின்ன வெங்காயம்,
விலையைத் திட்டிக்கொண்டே.
கையை எடுத்தபோது
மணிக்கட்டு வியர்வையில் ஒரு தோல் ஒட்டிக் கிடந்தது.
தகரத்து ஓட்டையால் விழுந்த வெயில்
சரியாக அதன்மேல்.
சிவப்பென்று சொல்ல ஏலாது, ஊதாவும் இல்லை,
இரண்டும் சண்டைபிடித்துக் களைத்துப்
பிறகு ஒரே வீட்டில் குடியிருக்கிற மாதிரி.
அதைச் சுற்றி என் கை.
கறுப்பு, கறுப்பு என்றவர்கள் ஒருவரும்
அடியில் இப்படி ஒரு சூடு இருப்பதைச் சொல்லவில்லை.

"நிறுக்கவோ அக்கா?"
"பொறுங்கோ," என்றேன்.
தராசோடு அவர் பொறுத்தார்.

கஸ்தூரியார் வீதித் துணிக்கடையில்
பெடியன் கேட்டான்: "என்ன கலர்?"
கைப்பையைத் திறந்து
கண்ணாடி மேசையில் வெங்காயத்தை வைத்தேன்.
என்னைப் பார்த்தான், வெங்காயத்தைப் பார்த்தான்,
முதலாளி இருந்த திசையைப் பார்த்தான்.
ஆனால் நல்ல பெடியன்.
மெரூனில் தொடங்கிக் கத்தரிப்பூவுக்குப் போய்
பீற்றூட்டில் கொஞ்சநேரம் நின்றான்.
பதினேழாவது கட்டு.
வாசலுக்குக் கொண்டுபோய் விரித்தோம்,
ரியூப்லைற் பொய் சொல்லும்.
கன்னத்தோடு பிடித்தேன்.
வெளியே நின்ற ஓட்டோவின் கண்ணாடியில்
நித்திரை முறிந்தவள்போல ஒருத்தி,
கண் தெளிவாய்.
"வெங்காயத்தைவிட வடிவு," என்றான்.
துணியையோ என்னையோ, கேட்கவில்லை.

கொக்குவில் றெஜினா பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே.
நாடாவைச் சுற்றி எண்களைச் சொல்லுவாள்,
சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதுவாள்.
மார்பு முப்பத்தெட்டு. இடை முப்பத்துமூன்று.
இடுப்பு நாற்பத்துநாலு.
அந்த நாற்பத்துநாலை மட்டும்
பக்கத்து வீட்டுக் கடனைப்போல மெல்லச் சொல்லுவாள்.
"வழமைபோல லூசாய்த் தைக்கவோ?"
பதினைந்து வருடமாய்
ஒரு தலையணை உறைக்குள் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.
"இல்லை. இடை எங்க கிடக்கோ அங்க பிடி.
கீழே விரிய விடு.
நாற்பத்துநாலு தன்பாட்டில் இருக்கட்டும்."

"இடது தோள் அரை இஞ்சி பதிவு. பஞ்சு வைக்கிறன் என்ன?"

மூலைக் கண்ணாடியில் தோளைப் பார்த்தேன்.
எதையோ கேட்கச் சாய்ந்ததுபோல இருந்தது.
இத்தனை நாள் பஞ்சு கொடுத்து அதன் வாயை அடைத்திருக்கிறோம்.
"வேண்டாம். கழுத்தையும் அந்தப் பக்கமே சரித்து வெட்டு."
வாயில் குண்டூசிகளோடு றெஜினா சிரித்தாள்,
சிரிக்கக் கூடாத நேரம்.

திங்கட்கிழமை பிரதம லிகிதர் கேட்டார்:
"என்ன பிள்ளை, விசேஷமோ?"
"ஓம் சேர். திங்கட்கிழமை."
கனடாவிலிருந்து தங்கை படத்தைப் பார்த்துக்
கொஞ்சம் தூக்கல் என்று எழுதினாள்.
இருக்கலாம்.
அன்று வரிசை முழுதும் என் கவுண்டருக்கே வந்தது.
மதியம்வரை தலைநிமிர முடியவில்லை.
சுவரின் நிறத்துக்கும் ஒரு நன்மை இருந்தது,
அதை மறுக்கமாட்டேன்.

இரண்டு கிழமை கழித்து
திறப்புத் தேடிக் கைப்பைக்குள் கைவிட்டேன்.
ரசீதுகளுக்கும் பனடோலுக்கும் நடுவே
மறந்துபோன வெங்காயம்
முளைவிட்டு இருந்தது, விரல் நீளத்துக்கு,
இருட்டுக்குள் தானாய் எடுத்த ஒரு பச்சை.

படலையடியில் நின்று
அதையும் மணிக்கட்டோடு வைத்துப் பார்த்தேன்.

இல்லை.
அது அதற்குத்தான் எடுப்பு.