இரண்டு மணி முதல் மூன்று மணி வரை

முகமாலைப் பக்கம் ஆறு வருசம்
முழங்காலில் நின்று நிலத்தைப் பார்த்தவள் நான்.
இப்போது வவுனியாவில்
மூன்று மாடிக் கடைத்தொகுதி ஒன்றில், நடு மாடியில்
செருப்பு விற்கிறேன்.
நிலத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை.

வாசல் மாபிளில் நாலாவது கல் ஆடும்.
மழைக்கு அதன் அடியில் தண்ணீர் தங்கி
மிதித்தவரின் சேலைக் கரையில் பீச்சும்.
சிரித்துக்கொண்டு போவார்கள்.
கல் ஆடினால் கீழே வெறுமை.
அங்கேயென்றால் விசில் ஊதி
வந்த தடத்தாலேயே எல்லாரையும் திருப்பியிருப்போம்.

நகரும் படி நின்று மூன்று வருசம்.
திறந்த புதிதில் ஓமந்தையிலிருந்து பஸ் ஏறி வந்து
ஏறினார்கள், இறங்கினார்கள், திரும்ப ஏறினார்கள்.
இப்போது படி நிற்கிறது, நாங்கள் நகர்கிறோம்.
மேல் படி மற்றவற்றைவிடக் குட்டை.
காலுக்கு அது தெரியாது.
நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள்
செட்டிகுளத்து உம்மா ஒருவர் அதில் விழுந்தார்.
மணிக்கட்டு முறிந்து தொங்க, அவர் கேட்டது
"புள்ளட வளையல் ஒடஞ்சிட்டா?"

பழைய பையில் கொஞ்சம் மிச்சமிருந்தது,
சிவப்பு வெள்ளை நாடா.
கட்டினேன்.
மனேச்சர் தயாகரன் அவிழ்த்தார்.
"சனம் பயப்படுமெல்லோ பிள்ளை."
அந்த நாடாவைக் கட்டத்தான்
முன்பு எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

கூரைத் தட்டில் ஒரு மஞ்சள் வட்டம்.
போன மாரியில் தோசை அளவு,
இந்த மாரியில் சுளகு அளவு.
நேர் கீழே சின்னப் பிள்ளைகளின் சப்பாத்து அடுக்கு.
நாளுக்கு ஒரு சாண் தள்ளி வைக்கிறேன்.
இன்னும் ஒருவரும் கவனிக்கவில்லை.
கார்த்திகை முடிய, அடுக்கு சுவரைத் தொட்டுவிடும்.

மூடியில்லாத மின்பெட்டி
பின்னேரம் ஆறு மணிக்கு, எல்லாக் கடையும் லைட் போட,
குளவிக்கூடு மாதிரி இரையும்.
அதற்குப் பக்கத்தில் பச்சைப் பலகை: அவசர வழி.
பலகைக்குக் கீழே கதவு,
கதவில் ஒரு பெரிய பூட்டு.
கள்ளர் வருவார்களாம்.
சாவி மனேச்சரின் லாச்சியில்.
மனேச்சர் இரண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போவார்.
மூன்று வரை நாங்கள் பூட்டின பெட்டி.

அங்கே, எங்கள் முதுகுக்குப் பின்னால்
ஒரு அம்புலன்ஸ்
மூக்கை றோட்டுப் பக்கம் திருப்பி எப்போதும் நிற்கும்.
அது வராத நாளில்
ஒருவரும் நிலத்தில் முழங்கால் வைத்ததில்லை.
இங்கே தீபாவளிக்கு முந்தின சனி
தோளோடு தோள் உரசத்தான் நடக்கலாம்.

அந்தச் சனிதான், இரண்டரைக்கு,
றப்பர் கருகிற மணம்.
பிறகு இருட்டு.
போன் வெளிச்சங்கள், ஒரு குழந்தையின் அலறல்,
யாரோ தள்ள, யாரோ "தள்ளாதேங்கோ" என்று தள்ள,
பூட்டில் என் கை.
நாலு நிமிசம்.
கரண்ட் வந்தது.
"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றது ஸ்பீக்கர்.
பாட்டை விட்ட இடத்திலிருந்து போட்டார்கள்.

திங்கள், தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில்
லாச்சியைத் திறந்தேன்.

நகரும் படிக்குக் கீழே சாவி வெட்டுகிற மரியதாஸ்
"எந்தக் கதவு?" என்றார்.
சொன்னேன்.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
காறை விழுந்து, கம்பி துருவேறி, தலைக்கு ஒரு முழம் மேலே.
மேசையில் கொட்டும் சீமெந்துத் தூளையும் இரும்புத் தூளையும்
ஒரே துணியால் துடைக்கிறவர்.
மெஷினைப் போட்டார்.

நான் கேட்டது ஒன்று,
வெட்டினது மூன்று.
ஒன்று அவருடைய சட்டைப் பையில்.
"மற்றது மேல் மாடித் தையல்கடைப் பிள்ளைக்கு."
காசு ஒன்றுக்குத்தான் எடுத்தார்.

இப்போது இரண்டு மணி.
மனேச்சரின் மோட்டார் சைக்கிள் வெளியே போகிறது.
ஒரு சின்னவளுக்கு இருபத்தெட்டாம் நம்பர் சப்பாத்து,
குனிந்து வார் இழுக்கிறேன்.
நெஞ்சுக்குள் சாவி குத்துகிறது.