பதினேழு

கோசிகனுக்கு எண் பிடிபடவில்லை.
விசுவமடுவில் முதலாம் வகுப்பு ரீச்சர்
புளியங்கொட்டைகளை அள்ளிக் கொடுத்துப் பார்த்தா.
பன்னிரண்டுக்குப் பிறகு
நேரே இருபதுக்குத் தாவுவான்,
இடையில் நெருஞ்சி கிடப்பதுபோல.

மாசி மாதம் படித்துவிட்டான்.
தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்டால் ஒன்று.
விழுந்தால் நிறுத்து.
அவ்வளவுதான் பாடம்.
சுதந்திரபுரத்தில் பதினேழு வரைக்கும் வந்தது.
இரணைப்பாலையில் பதினொன்று.
பொக்கணைக்குப் போனபோது
எண்ணுவதற்கு இடைவெளி இருக்கவில்லை.

அவன் நல்ல பிள்ளையாகிக்கொண்டிருந்தான்.
ஐஸ்பழத்துக்காகச் சந்தியில் மண்ணில் உருண்டவன்,
கத்தரிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோழிக்கு எறிந்தவன்,
என் முழங்கையில் பல் பதித்தவன்,
ஊற்றின கஞ்சியை ஊற்றினபடி குடித்தான்.
சொல்ல முதல் பங்கருக்குள் இறங்கினான்.
செருப்பைப் போட்டுக்கொண்டே படுத்தான்,
இடது வலது மாறாமல்.
தண்ணி வேணுமா என்று கேட்டால்
“மற்ற ஆக்கள் குடிச்சிட்டினமா” என்றான்.
ஆறு வயது.

பக்கத்துத் தறப்பாளில் இருந்த பரிமளமக்கா
“என்ன அருமையான வளர்ப்பு” என்றா.
அம்மா சிரித்தா.
பிறகு, கழுவின சட்டியையே
திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தா.
அன்றைக்குத் தண்ணீரும் குறைவு.

இதையும் எழுதவேண்டும்.
ஒரு இரவு அவன் அழுதான்.
வண்டு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.
வண்டுக்கு அழுகை கேட்கும் என்று நான் நம்பினேன்,
பதின்மூன்று வயதில்,
விஞ்ஞானத்தில் தொண்ணூற்றியொரு புள்ளி எடுத்த நான்.
வாயைப் பொத்தினேன்.
தொடையில் கிள்ளினேன், நகம் இறங்கும்வரை.
உள்ளங்கைக்குள் அவனுடைய மூச்சு
பிடிபட்ட அணில்போல அடித்தது,
பிறகு அடங்கியது.
சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு
நித்திரையாகிப்போனேன். நல்ல நித்திரை.

அதற்குப் பிறகு அவன் அழவில்லை.
அப்பாவை மண்ணால் மூடியபோதும்
எத்தனை மண்வெட்டி மண் என்று
உதட்டால் எண்ணிக்கொண்டு நின்றான்.
எல்லாவற்றையும் செல்லின் மேல்
போட்டுவிட முடியாது.

இப்போது இருபத்திரண்டு. மீசை.
தருமபுரத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான்.
காசு தராமல் போகிறவனையும்
“பிறகு தாங்கோ அண்ணை” என்று அனுப்பிவைக்கிறான்.
ஒருவரோடும் கோபமில்லை.
சம்பந்தம் பேச வந்தவர்கள்
“தங்கமான பெடியன், சத்தமே இல்லை” என்றார்கள்.
நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன்.
அவர்களுக்கு எதைச் சொல்வது?
சத்தம் எங்கே போனது என்று
எனக்குத் தெரியும் என்றா?

நேற்று மத்தியானம்
மண் ஏற்றுகிற ரிப்பர் ஒன்று
றோட்டில் பின்கதவை அடித்து மூடியது.
சோற்றுக்குள் அவன் கை நின்றது.
“அந்த வால்வை மாத்தினால்” என்று தொடங்கின வசனம்
அந்த இடத்திலேயே நின்றது.
அம்மா அகப்பையைக் கீழே வைக்கவில்லை.
எவர்சில்வர் செம்பில்
என் உதடுகள் அசைவதைக் கண்டேன்.
மூன்றுபேரும் போய்க்கொண்டிருந்தோம்.
பதினான்கு.
பதினைந்து.
பதினாறு.

“குழம்புக்கு உப்புக் காணாது” என்றான்.

அம்மா என்னைப் பார்த்தா.
இத்தனை வருசத்தில்
சாப்பாட்டில் அவன் சொன்ன முதல் குறை.
அடுப்படிக்கு ஓடினேன்.
உப்புப் போத்தல் கைக்கு அகப்படவில்லை.
சீனி வந்தது, மல்லித்தூள் வந்தது,
கண்ணும் சரியாகத் தெரியவில்லை.
எனக்கு என்ன வந்ததோ,
“நீயே எழும்பி வந்து எடு” என்று கத்தினேன்.

“ஏலாது” என்றான்.