கணக்காய்வு வினா இலக்கம் ஏழுக்கான பதில்

ஐயா,
மேலதிகக் கற்றல் நிதி
ரூபா இரண்டு இலட்சத்து எண்பத்தாறாயிரம்,
சொத்து எதுவும் பொருட்பதிவேட்டில் ஏறவில்லை, விளக்குக
என்று எழுதியிருக்கிறீர்கள்.
விளக்குகிறேன்.

சங்கக் கூட்டத்தில் முதலில் வளைவுதான் கேட்டார்கள்.
முத்தையன்கட்டு இடதுகரையில் ஒரு வளைவு,
மேலே சரஸ்வதி, கீழே எங்கள் பெயர்கள்.
மூன்று விலைக்கோரலும் கைவசம் இருந்தன.
"அதுக்குள்ளால ஆர் வாறது?" என்று
பின்வாங்கில் இருந்து ஒரு தாய் கேட்டா.
கண்ணிவெடி அகற்றப் போகிறவ,
நாலரைக்கு வாகனம் வந்துவிடும்.
அவவின் மகள் கேசவி
தம்பிக்குத் தலை இழுத்து, படலை கட்டி,
அலைகரையால் நாலு கிலோமீற்றர் நடந்து வர
இரண்டாம் பாடம் முடிந்திருக்கும்.
யானை நிற்கிற நாளில் வருவதே இல்லை.

அன்றிரவு வரவு இடாப்பில்
நான் சிவப்பால் இட்ட பூச்சியங்களை எண்ணினேன்.
ஒன்பது பிள்ளைகளின் பெயருக்கு நேரேதான் அநேகம்.
தரம் மூன்றும் நாலும்.
மெய்யெழுத்து வந்தால் நின்றுவிடுவார்கள்,
வீதியில் படுத்த மாட்டைக் கண்ட பஸ் மாதிரி.

ஆகவே
பவளநாதனின் ஓட்டோ, தொண்ணூற்றிரண்டு நாள்.
பற்றுச்சீட்டுகள் உண்டு, இரண்டில் கிரீஸ் பட்டிருக்கிறது.
காலை ஏழேகாலுக்கு அவித்த கௌபி, தேங்காய்ச் சொட்டு.
தேங்காய் தந்தவவுக்குக் கையெழுத்து வராது,
பெருவிரல் வைத்திருக்கிறா.
தொண்டர் ஆசிரியை ரூபவதனி,
பள்ளி விட்டபின் ஒரு மணித்தியாலம்
அந்த ஒன்பது பேரோடு மட்டும், நாளுக்கு அறுநூறு ரூபா.
அது குறைவு.
உங்கள் வினாவில் அதைக் கேட்கவில்லை.

கிளிநொச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடி.
டனுசிகனைக் கவனமில்லாத பிள்ளை என்று
இரண்டு வருடமாக அறிக்கையில் எழுதியது நான்தான்.
கண்ணாடி போட்ட அன்று
அவன் கரும்பலகையைப் பார்க்கவில்லை.
யன்னலால் பாலைமரத்தைப் பார்த்துக்கொண்டு
"சேர், இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றான்.
இதை எந்த நிரலில் போடுவது?

வாங்குகளுக்கு வெள்ளைப் பெயின்ற்றால்
இலக்கம் இட்டிருக்கிறோம், வந்தால் பார்க்கலாம்.
பிள்ளைகளுக்கு இடவில்லை.
எங்களுக்கே இலக்கம் போட்டு
வரிசையில் விட்ட ஒரு காலம் இருந்தது.
அதற்கு மேல் எழுதவில்லை.

எல்லாம் சரிவந்தது என்றும் சொல்லமாட்டேன்.
ஆறு பேர் வாசிக்கிறார்கள்.
இரண்டு பேர் இன்னும் எழுத்துக்கூட்டுகிறார்கள்.
கச்சான் பிடுங்கத் தொடங்க
அபிசாந் தகப்பனோடு போய்விட்டான்.
மூன்று காலை ஓட்டோ அவன் படலையில்
ஹோர்ன் அடித்துப் பார்த்துத் திரும்பியது.
அந்த மூன்று நாளில் அவன் பங்கையும் கொடுத்திருக்கிறேன்.
வீண்செலவு என்று குறிப்பதானால்
அதைக் குறிக்கலாம்.

உங்கள் கடிதத்தைத் தபாற்காரரிடம்
வாங்கி வந்தது கேசவி.
மணி அடிக்க முதலே வந்து
படலையடியில் நின்றிருக்கிறாள்.
உறையில் அச்சடித்திருந்ததை
விரல் வைத்து, நின்று நின்று வாசித்தாள்.
க. ண. க்.
அந்த இடத்தில் மூச்சு எடுத்தாள்.
கா. ய். வு.
"இதென்ன சேர்?"
செய்த வேலையைச் சரிபார்க்கிறது என்றேன்.
"அப்ப நாங்கள் சரியோ பிழையோ?"

மீதி ரூபா முந்நூற்று நாற்பது
இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
அதிபர்.

பி.கு.
வளைவுக்கான விலைக்கோரல்களை அனுப்ப முடியவில்லை.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது,
சொல்வதெழுதலுக்குப் பாவித்துவிட்டோம்.