வெள்ளம்

எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்.
குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம்,
ரப்பர் பால் உறைந்த தட்டைக் கழுவவும் வெள்ளம்.
கும்பகோணத்துக்காரர் எங்கள் டாக்டர்.
அனிஷ்மா வந்து
"எனக்கு வெள்ளத்துல பெறணும்" என்றதும்
ஜன்னலை எட்டிப் பார்த்தார்.
மழைகூட இல்லை அன்று.

சின்னத்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி
மார்த்தாண்டம் வந்திருந்தாள், ஏழாம் மாதத்தில்.
சுகர் இல்லை, பிரஷர் இல்லை, தலை கீழே.
கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள்
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்:
கொச்சுக்கு மூச்சு முட்டாதா?
தொட்டியில் டெட்டால் மணக்குமா?
நடுவில் வேண்டாம் என்றால் கோபப்படுவீர்களா?

முதல் இரண்டுக்கு டாக்டர் விளக்கம் சொன்னார்,
படம் போட்டு.
மூன்றாவது என்னிடம் வந்தது.
"கோபப்பட்டா எஞ் சம்பளத்துல பிடிச்சுக்கோ" என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் இருபதடியில் கடல்.
அவளுக்கு நீந்தத் தெரியாது.
மீனுக்குக் காத்து நின்ற பெண்களைக்
கணுக்கால் வரைதான் அறியும் அந்தக் கடல்.
ததேயுஸ் தங்கலுக்குப் போய் முப்பது நாள்.
மார்பளவு ஆழத்தையெல்லாம்
அவன் கரை என்றே சொல்வான்.

நோவு கண்டு அவள் வந்த ராத்திரி
தொட்டி பாதி நிறைகையில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ஹீட்டரை இழுக்கவில்லை.
கேன்டீன் கிறிஸ்துதாஸ்
சோறு வடிக்கும் உருளியில் வெள்ளம் காய்ச்சி
வாளி வாளியாகக் கதவு வரை கொண்டுவந்தான்,
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.
முப்பத்தேழு டிகிரி.
முழங்கையாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்,
கருவியை நம்பாமல் அல்ல,
பழக்கம்.

இறங்கினாள்.
தோள்கள் இறங்கின, அவளுக்குப் பின்னால்.
நோவு வரும்; விளிம்பில் நெற்றியை வைத்து முனகுவாள்.
போகும்; வாய் திறந்தபடி தூங்குவாள்.
என் வேலை பெரும்பாலும்
கை வைக்காமல் இருப்பது.
கால் மணிக்கொருமுறை டாப்ளரை நீருக்குள் நுழைத்து
வயிற்றில் பதிப்பேன்.
"வள்ளத்து எஞ்சின் மாதிரி இருக்கு" என்றாள்,
கண்ணைத் திறக்காமல்.
"தூரத்துல போவுது."
கொஞ்சம் கழித்து:
"இல்ல, வருது."

நாலேகாலுக்கு அவள் குரல் மாறியது.
"எக்கா, இந்தச் சவத்து வெள்ளத்துல
எனக்கு ஒண்ணும் பிடி கிட்டேல.
தரை வேணும்."

நானும் ஷீபாவும் ஆளுக்கொரு கையாக
அவளை வெளியே கொண்டுவந்தோம்.
மொசைக் முழுக்க அவளிடமிருந்து ஒழுகிய வழி.
கட்டில் வரை நடக்க மாட்டேன் என்றாள்.
பாயில் முட்டி போட்டு
எந்தத் தொட்டியை விட்டு வந்தாளோ
அதன் விளிம்பையே பிடித்துக்கொண்டாள்,
வெளியிலிருந்து,
வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுகிறவர்கள்
பிடிப்பார்களே,
அப்படி.
நான்காவது முக்கலில்
என் கையில் வழுக்கியது முழு உடம்பு.
பெண்.
அவள் மார்பில் கிடத்தினோம்.
கொடி துடித்து ஓயும்வரை
யாரும் கத்தரியைத் தேடவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியின் முதல் நீர்ப்பிரசவம் என்று
டாக்டர் கேக் சொல்லி வைத்திருந்தார்.
எழுத்தைக் கத்தியால் வழித்துவிட்டு
வெட்டினோம்.
பதிவேட்டில் இரண்டே கட்டம்: நீரில், நிலத்தில்.
மனம் மாறியவளுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
தொட்டிக்குப் பக்கத்தில். அவள் இஷ்டப்படி.

இரண்டு நாள் கழித்து,
படகிலிருந்து படகாக வயர்லெஸ்ஸில் தாவி
ததேயுஸின் கேள்வி வந்து சேர்ந்தது:
வெள்ளத்துலயா, கரையிலயா?
"கரையில" என்று சொல்லச் சொன்னாள்.
பிறகு, "ஆனா நனஞ்சுதான்."

அன்று விடிகாலை
தொட்டியின் அடைப்பை எடுத்தபோது
இன்னும் சூடு இருந்தது.
அவள் கூந்தலின் நீண்ட இழை ஒன்று
சுற்றிச் சுற்றி இறங்கியது.
வடிய முக்கால் மணி நேரம்.
வெளியே கிறிஸ்துதாஸ் அதே உருளியைக் கவிழ்த்துக் கழுவி
சாயாவுக்கு
வெள்ளம் வைத்திருந்தான்.